இந்தக் கல்லைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

வைர வியாபாரத்தில் கல் சின்னது, கல்லுக்குள் இருக்கிற குறை அதைவிடச் சின்னது. வாங்க வருகிறவரின் சந்தேகம் மட்டும்தான் பெரியது.

காரைக்காலில் ஒரு நகைக்கடையின் வைரப் பிரிவில் இருக்கிறேன். பெயர் ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கடையில் பில் போடச் சேர்ந்தேன். முதலாளி என்னை சூரத்துக்கு அனுப்பிக் கல் பார்க்கக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார். எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதம் என்று நான்கு விஷயங்களைப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். அதை அங்கே ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லோடு கூட ஒரு குடும்பமும் வரும், ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்காரும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுன்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

பெரிய கல்

பூவத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மகளுக்கு மோதிரம். அவர் நெல் வியாபாரி, நல்ல உயரம், வாட்டசாட்டம். நான் இரண்டு கற்களை எடுத்து வைத்தேன். இரண்டும் ஒரே எடை. ஆனால் ஒன்று பார்வைக்குக் கொஞ்சம் அகலமாக இருந்தது. அவர் உடனே அதன்மேல் விரலை வைத்துவிட்டார். "பெருசு இதுதான். இதையே போடுங்க."

அது ஏன் அகலம் என்று சொன்னேன். வைரத்துக்கு ஆழம் வேண்டும். மேலே விழுகிற வெளிச்சம் உள்ளே போய், அடிப்பக்கத்துப் பட்டைகளில் மோதித் திரும்பி வந்தால்தான் கல் மின்னும். ஆழத்தைக் குறைத்துத் தட்டையாகத் தீட்டினால் அகலம் கிடைக்கும், வெளிச்சம் அடிவழியே ஒழுகிவிடும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கடை விளக்கு வெளிச்சத்தில் இரண்டுமே பளபளத்தன. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் இரண்டையும் அந்த அம்மாவின் விரலிடுக்கில் வைத்து, விளக்குக்குக் கீழிருந்து தள்ளி நிழலுக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். அகலமான கல்லின் நடுவில், கண்ணாடிச் சில்லு வழியாகத் தெரிவது மாதிரி விரல் தோல் தெரிந்தது. மற்றதில் அந்த நிழலிலும் பொறி பறந்தது.

அவருக்கு மனசே இல்லை. "இருந்தாலும் இதுதானே பெருசு" என்று மறுபடி ஆரம்பித்தார். அந்த அம்மா அகலக் கல்லைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பெருசா இருந்தாப் போதுமாங்க? வீட்ல நீங்களும்தான் பெரியவரு."

மஞ்சள் புடவை

நிறம் பார்ப்பது தனிக் கலை. வைரத்தை நேராக வைத்துப் பார்த்தால் அது அடிக்கிற மின்னலில் நிறம் தெரியாது. வெள்ளைக் காகிதத்தை மடித்து, கல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பக்கத்தில் தரம் தெரிந்த மாதிரிக் கற்களை வைத்து ஒப்பிட வேண்டும். துளி மஞ்சள் ஏறினாலும் தரம் இறங்கும். சுற்றிலும் எந்த நிறமும் இருக்கக் கூடாது. எனக்குக் கடைச் சீருடை சாம்பல் நிறம்தான், நகப்பூச்சுகூடப் போடுவதில்லை.

ஒரு நிச்சயதார்த்தத்துக்காக மாப்பிள்ளை வீடும் பெண் வீடுமாக வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எலுமிச்சை மஞ்சளில் பட்டுக் கட்டியிருந்தார். நான் காகிதத்தை மடித்தபோதெல்லாம் அவரும் என்னோடு சேர்ந்து குனிந்தார். அவர் குனிந்தால் கல் மஞ்சள், நிமிர்ந்தால் வெள்ளை. பெண்ணின் அப்பா முகம் மாறிப்போய், "என்னம்மா, ஒரு நேரத்துக்கு ஒரு மாதிரி காட்டுது?" என்றார். வேறு வழியில்லாமல், "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா நல்லா இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் நிமிர்ந்தார். "நான் நின்னா வைரம் மங்கிடுமா? என் பையன் கல்யாணத்துல என்னையத் தள்ளி நிக்கச் சொல்றாங்களா?" பெண் வீட்டார் மன்னிப்புக் கேட்டார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் அவருடைய புடவை முந்தானையைக் கல்லருகே கொண்டுபோய்க் காட்டி, எடுத்துக் காட்டி, ஒருவழியாகப் புரியவைத்தேன். புரிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்து, போகிற வரைக்கும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே நின்றார். கல்லும் போணியாயிற்று. அவர்கள் போனபிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா ஸ்டெல்லா, அவ்வளவு படிச்சிருக்கியே, சம்பந்தியம்மாவ நகத்துறதுக்குப் பதிலா கல்ல எடுத்துக்கிட்டு நீ நகந்திருக்கக் கூடாதா?"

என் காது

வைரம் காட்டுகிறவளின் காதைப் பார்க்காத வாடிக்கையாளர் இல்லை. என் காதில் கிடப்பது என் அம்மா போட்டுவிட்ட சாதாரணத் தங்கக் கம்மல். பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்துவிடுவேன்.

தங்கப் பிரிவில் இருக்கும் ஹமீது பாய்க்கு இந்தத் தொந்தரவு கிடையாது. ஒருநாள் ஒரு அம்மா என் காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களே போடலையே, அப்ப இதுல ஏதோ இருக்கு" என்று எழுந்துவிட்டார். பாய்தான் பக்கத்து கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மருந்துக்கடைக்காரரு எல்லா மாத்திரையையும் முழுங்கிக் காட்டினாத்தான் வாங்குவீங்களா?"

சுத்தியல்

ஏ.சி. ரிப்பேர் செய்கிற ஒருவர் விபூதிப் பொட்டலம் மாதிரி ஒரு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் உள்ளே சில்லுகள், கொஞ்சம் பொடி. "இது உண்மையான வைரமான்னு பார்க்கணும்" என்றார்.

நடந்தது இதுதான். மனைவிக்கு ஆசையாக வெளியூரில் ஒரு ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கியிருக்கிறார். கூட வேலை பார்க்கிறவர் யாரோ, 'உலகத்திலேயே உறுதியானது வைரம்தான், சுத்தியலால் அடித்தாலும் உடையாது, உடைந்தால் போலி' என்று சொல்லியிருக்கிறார். மனைவி குளிக்கப் போன நேரத்தில் இவர் அதைத் அம்மிக்கல்லின்மேல் வைத்து ஒரு போடு போட்டுவிட்டார்.

லென்ஸில் பார்த்தேன். உடைந்த முகம் ஒவ்வொன்றும் படிப்படியாக, வழவழவென்று இருந்தது. வைரம் அப்படித்தான் பிளக்கும். கருவியில் வைத்தும் சோதித்தேன். நல்ல வைரம். வைரத்தைக் கீற முடியாது, அவ்வளவுதான். அதற்கென்று ஒரு வாட்டம் உண்டு, விறகு மாதிரி, அந்த வாட்டத்தில் அடி விழுந்தால் பிளந்துகொள்ளும். இதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹமீது பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் தெளிந்தது. வாங்கிய கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று உறுதியானதே ஒரு நிம்மதி போலிருக்கிறது. சில்லுகளை மறுபடி பொட்டலமாக மடித்தார். எழுந்து, கதவு வரைக்கும் போய், திரும்பி வந்தார். "மேடம், எனக்குச் சொன்ன மாதிரியே பொறுமையா, என் சம்சாரத்துக்கும் நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிடுறீங்களா?"

மாமாவின் மிஷின்

பட்டினச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வேன் வைத்துக்கொண்டு வந்தது. விசைப்படகு வைத்திருக்கிறவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, இரண்டு சித்திமார்கள், கடைசியாக, மணப்பெண். பெயர் கயல். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பரிசத்தின்போது ஒற்றைக்கல் மோதிரம் போட்டிருக்கிறார். பெரிய கல், தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

பேசியது முழுக்கப் பெண்ணின் மாமாதான். "அவங்க எந்தத் தரத்துல போட்டிருக்காங்களோ, அதே தரத்துல நாமளும் மாப்பிள்ளைக்குப் போட்டாத்தான் மரியாதை. அதுக்குத்தான் வந்தோம். இது என்ன தரம்னு மட்டும் சொல்லுங்க. வைரமான்னெல்லாம் பார்க்க வேணாம், அது நானே பார்த்தாச்சு." சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். ஆன்லைனில் வாங்கியது. கல்லில் தொட்டார். 'பீப்' என்றது. கூட வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பலமுறை கேட்ட சத்தம்தான், இருந்தாலும் சந்தோஷப்பட்டார்கள்.

நான் மோதிரத்தை வாங்கி, கல்லைக் கொஞ்சம் சாய்த்து லென்ஸில் பார்த்தேன். உள்ளே பட்டைகளின் ஓரக்கோடு ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வைரத்தில் ஒரு கோடு ஒரு கோடாகத்தான் தெரியும். இது மாய்ஸனைட். ஆலையில் செய்கிற கல், அழகான கல், ஆனால் வைரம் இல்லை. அந்தப் பேனாக் கருவி சூட்டை வைத்துக் கண்டுபிடிப்பது; இந்தக் கல்லும் வைரம் மாதிரியே சூட்டைக் கடத்துவதால் இரண்டுக்கும் ஒரே 'பீப்'தான்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. "உள்ள வாங்க, தனியா பேசலாம்" என்று அப்பாவைக் கூப்பிட்டேன். மாமா விடவில்லை. "எதா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க, எல்லாரும் நம்ம ஆளுங்கதான்." சொன்னேன். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு சித்தி அழவே ஆரம்பித்துவிட்டார். அப்பா மட்டும் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் நாளே பொய் சொல்றவன் வீட்டுக்கு எம்பொண்ண எப்புடி அனுப்புறது?" என்று எழுந்தார். போனை எடுத்துவிட்டார். என் வாயால் ஒரு கல்யாணம் நின்றுபோனதென்று ஊர் பேசப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்பா, போன வைங்க" என்று குரல் வந்தது. அதுவரைக்கும் ஓர் ஓரமாக உட்கார்ந்து செல்லைப் பார்த்துக்கொண்டிருந்த கயல். "இது வைரம் இல்லன்னு எனக்குத் தெரியும். பரிசத்துக்கு முன்னாடியே அவரு எங்கிட்டச் சொல்லிட்டாரு. அவரு தங்கச்சி படிப்பு முடியட்டும், அப்புறம் வைரம் வாங்கித் தர்றேன்னாரு. எனக்கு இதுவே பிடிச்சிருக்கு, இதுவே போதும்னேன்." அம்மாக்காரி, "இத ஏன்டி எங்ககிட்டச் சொல்லல?" என்று பாய்ந்தார். "நீங்க யாராவது எங்கிட்டக் கேட்டீங்களா? வைரம்னு அவரு சொன்னாரா, நான் சொன்னேனா? மாமாவோட மிஷின்தான் சொல்லுச்சு."

மாமா கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்பா போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மோதிரத்தைத் தன் கையாலேயே அவள் விரலில் மாட்டிவிட்டார். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே தங்கப் பிரிவுக்குப் போனார். "பாய், மாப்பிள்ளைக்குக் கல்லே இல்லாத மோதிரமாக் காட்டுங்க. அத எவன் எந்த மிஷின்ல வச்சாலும் நமக்குக் கவலயில்ல."

இரண்டு மோதிரம்

ஆகஸ்டு மாதம் வந்தால் பிரான்சிலிருந்து ஊருக்கு வருகிறவர்களால் கடை நிறையும். அப்படியொரு ஆகஸ்டில் ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மனைவி இறந்து வருஷம் திரும்பியிருந்தது. அந்த அம்மாவுடைய இரண்டு வைர மோதிரங்களைக் கொண்டுவந்திருந்தார். மகள்களும் இரண்டு பேர். பெரியவர் இங்கேயே இருக்கிறார், சின்னவர் பாரிஸ் பக்கம். "எது ஒசத்தின்னு நீங்க சொல்லிட்டா, அதுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சிடுவேன். எனக்கப்புறம் ரெண்டும் பேசாம இருந்துடக் கூடாது" என்றார். மகள்கள் இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே பேசிக்கொள்ளவில்லை.

வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று நல்ல வெள்ளை, ஆனால் மேல் பட்டைக்கு அடியில் ஊசி முனையளவு கரும்புள்ளி. இன்னொன்று பழைய காலத்தில் கையால் தீட்டியது. லேசான மஞ்சள், எடை கொஞ்சம் கூட, உள்ளே தேடித் தேடிப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. ஒன்று நிறத்தில் ஜெயித்தால் இன்னொன்று தெளிவில் ஜெயித்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. அப்படியே சொன்னேன். தகப்பனார் பெருமூச்சு விட்டார். சிக்கல் தீர்ந்தது என்று நானும் லென்ஸை மூடினேன்.

"அக்கா, நீ முதல்ல எடு" என்றார் சின்னவர். "இல்ல, தூரத்துலேர்ந்து வந்திருக்க, நீ எடு" என்றார் பெரியவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்படியே காபி வந்தது, ஆறியது. தகப்பனார் இரண்டு மோதிரத்தையும் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் சின்னவர் கையை நீட்டி வெள்ளைக் கல்லைத் தொட்டார். அவர் விரல் பட்ட அந்த நொடியே பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பா, அவ எதத் தொடுறாளோ அதுதான் நல்ல கல்லு, அத எனக்குக் குடுங்க."

மூக்குத்தி

காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் கல்யாணத்துக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த வைர மூக்குத்தியைப் போட்டிருந்தாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவள் புருஷன் படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறான். வீட்டில் யாரோ, 'மூக்குத்தியில் கரும்புள்ளி இருக்கிறது, தோஷக் கல்' என்று கிளப்பிவிட்டார்கள். அந்தப் பெண் வந்ததிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கழட்டிக் குடு" என்றார் மாமியார். அவள் கழற்றினாள்.

கரும்புள்ளி இருந்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. லென்ஸில் பார்த்தால் அது கல்லுக்கு உள்ளே இல்லை, அடியில். வைரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிரியம். மஞ்சளும் பவுடரும் சோப்பும் சேர்ந்து பின்பக்கம் அப்பிக்கொள்ளும். வெந்நீரில் சோப்பு நுரை போட்டு ஊறவைத்து, மெல்லிய பிரஷால் தேய்த்தேன். புள்ளி போய்விட்டது. துடைத்து வைத்ததும் கல் அப்படியொரு வெளிச்சம் போட்டது. மாமியார் லென்ஸை வாங்கி, நான் பிடித்துக் காட்ட, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "புள்ளி இல்ல. ஆனா ஓரத்துல வெள்ளையா ஒரு கீத்து மாதிரி கெடக்கே?"

அதையும் நான் பார்த்திருந்தேன். இறகு என்று சொல்வோம்; கல்லுக்குள் மெல்லிய வெடிப்பு. தரத்தில் ஒரு படி குறையும், மற்றபடி கல்லுக்கு ஒன்றும் ஆகாது. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரே பார்த்துவிட்டார், இனி இல்லையென்றால் மூக்குத்தியைப் பற்றி நான் சொன்னது எதையும் நம்பமாட்டார். "இருக்கும்மா. பெரும்பாலும் எல்லா வைரத்துக்குள்ளயும் இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும். கல்லு பூமிக்குள்ள உருவானப்பவே விழுந்தது" என்றேன். "அது எப்ப?" என்றார். "மனுஷங்க யாரும் பொறக்கிறதுக்கு முன்னாடி" என்றேன்.

அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். அவர் மூக்குத்தியை என்னிடமிருந்து வாங்கி, அவள் முகத்தைத் திருப்பி, வலிக்காமல் தானே போட்டுவிட்டு, திருகை இறுக்கினார். "எம்மவன் பொறக்கிறதுக்கு முன்னாடியே விழுந்த கீத்துக்கு, நேத்து வந்த புள்ள நீ என்னடி பண்ணுவ? வா, அவனுக்குக் கஞ்சி ஆத்தணும்."

கற்களுக்கு நான் சொன்ன தரத்தை இதுவரை மாற்ற வேண்டி வந்ததில்லை, ஆனால் கொண்டுவருகிறவர்களுக்கு மனசுக்குள் போட்டுவைக்கிற தரத்தைத்தான் அவர்கள் கடையை விட்டுப் போவதற்குள் அழித்து எழுத வேண்டியிருக்கிறது.